இன்சுலினைப் பெட்டியில் போடாதீர்கள்

"பிளேன்ல தண்ணி, எண்ணெய், மருந்து எதையும் விடமாட்டாங்க." வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் தூத்துக்குடி வீடுகளில் இது வேதவாக்காகிவிட்டது. இது தவறு. சில நேரம் உயிருக்கே உலை வைக்கும் தவறு.

மகனைப் பார்க்கத் துபாய்க்குக் கிளம்பும் சர்க்கரை நோயாளித் தாயின் இன்சுலினை, கையில் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து பெரிய பெட்டிக்குள் திணிக்கிறோம். விமானத்தின் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்து போகலாம். உறைந்த இன்சுலின் வீண். உருகிய பிறகும் அதை நம்பிப் போட முடியாது. பெட்டி வந்து சேரத் தாமதமானால் போட்டுக்கொள்ள ஊசியே இருக்காது. ஆனால் விதி என்ன சொல்கிறது? பயணத்துக்குத் தேவையான மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும், மற்ற திரவங்களுக்கு உள்ள 100 மில்லி வரம்பு கிடையாது. மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்து, சோதனையில் எடுத்துக் காட்டினால் போதும்.

அந்த 100 மில்லி எங்கிருந்து வந்தது? 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை அடைத்து, அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் லண்டனில் பிடிபட்டார்கள். தண்ணீரையும் வெடிமருந்தையும் பிரித்துக் காட்ட அன்றைய எக்ஸ்ரே இயந்திரங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் பாட்டிலுக்கு 100 மில்லி, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பைக்குள் என்று அளவு வைத்தார்கள். குறை இயந்திரத்தில் இருந்தது, தண்ணீரில் இல்லை. புதிய ஸ்கேனர்கள் வந்ததும் 2025 ஜூலையில் எடின்பரோ, பர்மிங்காம் விமான நிலையங்கள் இரண்டு லிட்டர் வரை அனுமதித்துவிட்டன.

நம் நாட்டில் இந்த வரம்பு வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான். தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் சென்னை விமானம் ஏறுகிறவர் தண்ணீர் பாட்டிலோடு போகலாம். அதே பாட்டிலைச் சென்னையில் துபாய் விமானத்துக்கான சோதனையில் எடுத்துவிடுவார்கள். "அங்க விட்டாங்க, இங்க பிடுங்கிட்டாங்க" என்று ஊருக்குப் போன் போகிறது. வதந்திக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் விதிப்படிதான் நடந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

தண்ணீருக்கு இத்தனை பயம் காட்டுகிறவர்கள் கொப்பரைத் தேங்காயைக் கூசாமல் பெட்டியில் அடுக்குகிறார்கள். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விமானத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். பவர் பேங்கையும் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். இரண்டிலும் சொட்டு ஈரம் இல்லை. உண்மையான ஆபத்தைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, குழந்தையின் பாலைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

டிக்கெட் போட்டுத்தரும் ஏஜென்டுகளே, பயணச்சீட்டோடு இந்த நாலு விவரத்தையும் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். விமான நிறுவனங்கள் அதைப் பெட்டி போடும் கவுன்டரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டட்டும். அதுவரை, நாளைக்குக் கிளம்பும் உங்கள் அம்மாவின் இன்சுலினைப் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கைப்பையில் வையுங்கள்.