சிவப்பைத் தொடாத இனிப்பு

பேராதனை தாவரவியல் பூங்காவை வெயிலில் சுற்றி வெளியே வருபவர் ஐஸ்கிறீம் டப்பாவின் வண்ண வட்டங்களை உற்றுப் பார்ப்பாரா? பார்க்கமாட்டார். பார்த்தாலும் முழு உண்மை தெரியாது.

இலங்கையில் 2016 இல் இனிப்புப் பானங்களுக்கு வந்த நிறக்குறியீடு, 2019 இல் திண்ம உணவுகளுக்கும் விரிந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு. 8 முதல் 22 வரை செம்மஞ்சள். சாதாரண வெனிலா ஐஸ்கிறீமின் 100 கிராமில் ஏறக்குறைய 21 கிராம் சீனி (பாலிலுள்ள லக்ரோசும் சேர்த்து), 11 கிராம் கொழுப்பு, 200 கிலோகலோரி. இந்த அளவுகோலில் அது மயிரிழையில் சிவப்பைத் தப்பிவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான்!

அடுத்த சங்கடம் காற்று. கலவையைக் கடைந்து உறையவைக்கும்போது காற்றும் சேர்கிறது. மலிவான வகைகளில் கனஅளவு இருமடங்குவரை பெருகும். அப்படிப்பட்ட ஒரு லீற்றர் டப்பா அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். சீனிக் கணக்கோ கிராமில், விற்பனையோ லீற்றரில். இந்தக் கணக்கை வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று போடவேண்டுமாம்.

கொழுப்பிலும் குழப்பம் உண்டு. பாற்கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்ந்தால் இந்தியாவில் அதன் பெயர் 'உறைந்த இனிப்பு'. இதுபற்றிய விளம்பரத்துக்காக 2017 இல் அமுலும் இந்துஸ்தான் யுனிலீவரும் மும்பை உயர்நீதிமன்றம்வரை போயின.

நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சீனி சுமார் 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே டப்பாவில் எடையும், ஒரு கிண்ணத்துக்கான சீனியும் பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும். அதற்குப் புதிய ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை, ஒரு தராசு போதும்.