சம்மதமா? கைநாட்டா?

இப்போது எந்த இணையதளத்தைத் திறந்தாலும், நாம் படிக்கப் போன விஷயம் கண்ணில் படுவதற்கு முன்பாகவே ஒரு பலகை குறுக்கே வந்து நிற்கின்றது. "உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கின்றோம்" என்று அது ஆரம்பிக்கும். பிறகு குக்கி என்ற ஒன்றை உங்கள் போனில் வைக்கச் சம்மதமா என்று கேட்கும். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்பது பெரிய எழுத்தில் பளிச்சென்று இருக்கும். வேண்டாம் என்பதற்கான வழியோ மூலையில் மங்கலாகக் கிடக்கும். நம்மவர்களும் தொல்லை விட்டால் போதுமென்று பெரிய எழுத்தை அமுக்கிவிட்டு மேலே போய்விடுகின்றார்கள். இதற்குப் பெயர் சம்மதமாம்!

தோழர்களே! லேவாதேவிக்காரன் எழுதிக் கொண்டுவந்த பத்திரத்தில் என்ன கண்டிருக்கின்றது என்று கேளாமல், கட்டை விரலை உருட்டிக் கொடுத்து நிலத்தை இழந்தவர்கள் கதை நமக்குப் புதிதல்ல. அன்று எழுத்தறியாதவன் கைநாட்டு வைத்தான். இன்று எம்.ஏ. படித்தவனும் அதே கட்டை விரலால்தான் வைக்கின்றான்.

குக்கி என்பது ஏதோ பூதமல்ல. 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி என்பவர் ஏற்படுத்தியது. ஒரு தளம் நம்மை மறுபடி அடையாளம் கண்டுகொள்வதற்காக நம் பிரௌசரிடம் கொடுத்து வைக்கும் சிறு எழுத்துத் துணுக்கே அது. கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கம் போனதும் மறையாமலிருக்க அது வேண்டும். அதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் நாம் போன தளம் ஒன்றாயிருக்க, அங்கே விளம்பரம் போடும் மூன்றாம் பேர்வழி தன் குக்கியையும் உள்ளே நுழைத்து விடுகின்றான். காலையில் எந்த வியாதியைப் பற்றிப் படித்தோம், மத்தியானம் எந்தக் கடன் கம்பெனியைத் தேடினோம் என்று தளத்துக்குத் தளம் பின்தொடர்ந்து கணக்கெழுதி, அந்தக் கணக்கை வைத்துப் பிழைக்கின்றானே, விஷயம் அங்கேதான் இருக்கின்றது. "எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?" என்பார் சிலர். அப்படியானால் தம் வீட்டுக் கடன் சீட்டையும் மருந்துச் சீட்டையும் தெருக் கதவில் ஒட்டி வைப்பார்களா என்று கேட்கின்றோம்.

"இந்தப் பலகைகளெல்லாம் ஐரோப்பியச் சட்டம் கொண்டுவந்த வினை" என்று சில படிப்பாளிகள் பேசுகின்றார்கள். ஐரோப்பிய யூனியன் 2002-ல் செய்து 2009-ல் திருத்திய விதி என்ன சொல்லுகின்றது? நாம் கேட்ட வேலையைச் செய்ய இன்றியமையாத குக்கிக்குச் சம்மதமே கேட்க வேண்டியதில்லை. மற்றவைகளுக்குத்தான் கேட்க வேண்டும் என்கின்றது. 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதமென்றால் விஷயம் தெரிந்து, நிர்ப்பந்தமின்றிக் கொடுத்ததாயிருக்க வேண்டும் என்றது. ஆகவே வேவு பார்க்காதவனுக்குப் பலகையே தேவையில்லை. கிட்ஹப் என்ற கம்பெனி 2020 டிசம்பரில் அவசியமற்ற குக்கிகளை எடுத்துவிட்டோம், அதனால் பலகையையும் எடுத்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லையா? (2022-ல் தன் வியாபாரப் பக்கங்கள் சிலவற்றில் அவைகளைத் திரும்ப நுழைத்தது வேறு கதை. ஆசை யாரை விட்டது!)

பலகையின் தந்திரமும் கோர்ட்டு ஏறாமல் இல்லை. பிளானெட்49 என்ற கம்பெனியின் வழக்கில், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ல் தீர்ப்புச் சொல்லிற்று. 2022 ஜனவரியில் பிரெஞ்சு தேசத்து அதிகார சபை கூகுளுக்கு 15 கோடி யூரோவும், பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதை வெளியிட்டது. குற்றம் என்ன? ஏற்பதற்கு ஒரே அமுக்கு, மறுப்பதற்கு மட்டும் பல அமுக்கு என்று வைத்ததுதான். நம் நாட்டில் 2023-ல் செய்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்தது போலவே சுளுவாய்த் திரும்பப் பெற வழி வேண்டும் என்கின்றது. அறிவிப்பைத் தமிழில் படித்துக்கொள்ளும் வசதியும் கேட்கின்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, கேட்கிறவன் வேண்டும்.

நிற்க, நாம் செய்யக் கூடியதைச் சொல்லுவோம். பலகை வந்ததும் "நிராகரி" இருந்தால் அதை அமுக்குங்கள். இல்லாவிட்டால் "அமைப்புகள்" என்பதற்குள் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். பத்து விநாடி போகும், போகட்டும். அதைவிடப் பிரௌசரிலேயே கதவை அடைப்பது மேல். சபாரி 2020 முதல் மூன்றாம் பேர்வழியின் குக்கிகளைத் தானே தடுக்கின்றது. பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் அந்தந்தத் தளத்தோடு அடைத்து வைக்கின்றது. குரோமில் மட்டும் நாமே அமைப்புக்குள் போய்த் தடுக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் தானே ஒழித்துவிடுவதாக 2020-ல் சொன்ன கூகுள், 2024-ல் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கிற கம்பெனி வேறென்ன செய்யும்? அந்த அமைப்பை மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகாது. வீட்டில் பெரியவர்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் இன்றைக்கே மாற்றிக் கொடுங்கள்.