தட்டுப்பாடும் சந்தேகமும்

குழந்தைக்கு ஃபுளு தடுப்பூசி போட நினைக்கும் பெற்றோருக்கு எழும் கேள்விகள் இரண்டு. மருந்து கிடைக்குமா? அது பாதுகாப்பானதா? இவ்விரண்டுக்கும் பதில் சொல்லும் பொறுப்பை மத்திய அரசு தனியார் மருத்துவரின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டுள்ளது.

6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் இத்தடுப்பூசி போடலாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. தேசியத் தடுப்பூசித் திட்டத்திலோ அதற்கு இடமில்லை. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், சென்ற ஆண்டு மிஞ்சிய மருந்து இந்த ஆண்டுக்கு உதவாது. எனவே, பாகாலா போன்ற சிற்றூரில் குழந்தைகள் மருத்துவமனை நடத்துபவர் விற்றுத்தீரும் அளவுக்கு மட்டுமே வாங்கத் துணிவார். கிடைக்காதவர்கள் திருப்பதிக்கோ வேலூருக்கோ ரயிலேற வேண்டியதுதான்.

நெருக்கடி வரும்போது அரசு விழித்துக்கொள்ளும் என்பதற்கும் உறுதி இல்லை. பன்றிக் காய்ச்சல் 2009 மே மாதம் இந்தியாவுக்குள் நுழைந்தது. முதல் உள்நாட்டுத் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது 2010 ஜூனில். ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் முடிந்ததாக அறிவித்துவிட்டது.

அதற்கு முன்பே அரசு தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. தரமான உற்பத்தி நெறிகளைப் பின்பற்றவில்லை என்று கூறி, கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம், குன்னூர் பாஸ்டியர் நிலையம், கிண்டி பிசிஜி ஆய்வகம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமங்கள் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டன. குறையைக் களைவது அவசியம்தான். ஆனால், ஆலைகளைச் சீர்செய்ய வேண்டிய அரசே அவற்றை மூடியதை நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. 2010-ல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது.

பாதுகாப்பு குறித்த அச்சத்தின் விலை என்ன என்பதைத் தமிழகம் அறியும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் கிராமங்களுக்கே சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, தாய்மார்கள் சுகாதார நிலையங்களுக்கு வர வேண்டியதாயிற்று. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் 80.9 சதவீதமாக இருந்த முழுத் தடுப்பூசி அளவு, 2015-16-ல் 69.7 ஆகச் சரிந்தது. சரிவுக்கு அது ஒன்றே காரணம் அல்ல. எனினும், ஒரு விபத்து நம்பிக்கையையும் வசதியையும் ஒருசேரக் குலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

செங்கல்பட்டில் ரூ.594 கோடியில் தடுப்பூசி வளாகம் அமைக்க 2012-ல் ஒப்புதல் தரப்பட்டது. 2021-ல் கரோனா தடுப்பூசிக்கு நாடே தவித்தபோதும் அங்கு உற்பத்தி தொடங்கவில்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஃபுளு தடுப்பூசியை உடனே இலவசமாக்க வேண்டும் என்பதல்ல நமது வாதம். தட்டம்மைக்கும் கக்குவானுக்கும் முன்னுரிமை இருப்பதில் தவறில்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்காவது அரசு மருத்துவமனைகளில் அது கிடைக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் மருந்து காக்கப்படுகிறதா என்ற சோதனை தனியார் மருத்துவமனைகளிலும் நடக்க வேண்டும். ஊசிக்குப் பின் நேரும் பாதிப்புகள் குறித்த விசாரணை முடிவுகள், பெற்றோருக்குப் புரியும் மொழியில் வெளியாக வேண்டும்.

பாகாலா, திருப்பதி மாவட்டத்தில் இருந்தாலும் சித்தூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. சித்தூர் உறுப்பினரும் எல்லைக்கு இப்பால் உள்ள வேலூர், அரக்கோணம் உறுப்பினர்களும் கட்சி பாராமல் சேர்ந்து எழுப்ப வேண்டிய கேள்வி இது. வைரஸுக்கு மாநில எல்லை தெரியாது. கேள்வி நேரத்தில் அமைச்சரைப் பதில் சொல்லவைக்கும் உரிமை இவர்களுக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்த அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்கப்போகிறார்களா?