வீதிக்கு வந்த கேள்வி: சைக்கிளோட்டப் போட்டிகளும் நடுநிலை என்ற போர்வையும்

2025 செப்டெம்பர் 14 ஆம் திகதி ஸ்பெய்ன் தலைநகர் மட்ரிட்டில் நிறைவுபெறவிருந்த ஸ்பானிய சைக்கிள் சுற்றுப்போட்டி, முடிவுக் கோட்டைக் காணாமலேயே முடிவுக்கு வந்தது. இத்தாலியின் டியூரின் நகரில் ஆரம்பித்து, மூன்று வாரங்களாக மலைகளையும் சமவெளிகளையும் கடந்து வந்த வீரர்கள் தலைநகரை நெருங்கிக் கொண்டிருந்த வேளையில், பலஸ்தீனக் கொடிகளுடன் திரண்டிருந்த மக்கள் தடுப்பு வேலிகளைத் தள்ளிவிட்டுப் போட்டிப் பாதைக்குள் நுழைந்தனர். ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டிருந்ததாக அந்நாட்டு அரசாங்கத் தரப்பே மதிப்பிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொலிஸார் மேலதிகமாகக் கடமையில் ஈடுபடுத்தப்பட்டிருந்தும், ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் எஞ்சியிருக்கையில் போட்டி கைவிடப்பட்டது. ஒட்டுமொத்த வெற்றியாளரான டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோருக்கான வெற்றி மேடை, ஒரு ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் அவசர அவசரமாக அமைக்கப்பட்டது.

இதனைக் கட்டுக்கடங்காத கூட்டத்தின் செயல் என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அந்த வீதியில் எழுப்பப்பட்ட கேள்வி விளையாட்டு உலகம் நீண்டகாலமாகத் தவிர்த்து வரும் ஒன்றாகும். ஓர் அரசின் பெயரைத் தாங்கி ஓடும் அணி, அந்த அரசின் செயல்களுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று கூற முடியுமா என்பதே அது.

எதிர்ப்பின் இலக்கு இஸ்ரேல்-பிரீமியர் டெக் என்ற அணியாகும். அது இஸ்ரேலின் தேசிய அணி அல்ல, தனியார் அணியே. அதன் வீரர்களுள் பெரும்பாலானோர் இஸ்ரேலியரும் அல்லர். அந்த அணிக்காக ஓடிய அமெரிக்கரான மெத்தியு ரிச்சிட்டெல்லோ இப்போட்டியில் ஐந்தாம் இடத்தைப் பெற்றதுடன், சிறந்த இளம் வீரருக்கான வெள்ளை மேலாடையையும் வென்றார். எனினும், அணியின் இணை உரிமையாளரான சில்வன் அடம்ஸ், உலக அரங்கில் இஸ்ரேலின் நற்பெயரை உயர்த்துவதே தமது நோக்கம் என்பதை ஒருபோதும் மறைத்தவர் அல்லர். 2018 ஆம் ஆண்டு இத்தாலிய சுற்றுப்போட்டியின் தொடக்கத்தை ஜெரூசலத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்கு முக்கிய பங்கிருந்தது. அப்போட்டிக்கான அறிவித்தலில் 'மேற்கு ஜெரூசலம்' என ஏற்பாட்டாளர்கள் குறிப்பிட்டதற்கு இஸ்ரேலிய அமைச்சர்கள் ஆட்சேபம் தெரிவிக்கவே, 'மேற்கு' என்ற சொல் நீக்கப்பட்டது. ஒரு நகரத்தின் சட்ட அந்தஸ்து பற்றிய சர்வதேச சர்ச்சையில் ஒரு சைக்கிளோட்டப் போட்டி எவ்வாறு பயன்படுத்தப்படலாம் என்பதற்கு இதனை விடவும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

ஏனைய விளையாட்டுகளில் காணப்படாத இத்தகைய நிலைமை சைக்கிளோட்டத்தில் ஏன் தோன்றுகின்றது என்பதை விளங்கிக் கொள்வது அவசியம். இப்போட்டிகள் பத்திரிகைகளின் வயிற்றில் பிறந்தவை. 1903 இல் பிரான்ஸ் சுற்றுப்போட்டியை 'லோட்டோ' என்ற நாளிதழும், 1909 இல் இத்தாலிய சுற்றுப்போட்டியை 'கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' நாளிதழும், 1935 இல் ஸ்பானிய சுற்றுப்போட்டியை 'இன்போர்மாஸியோனஸ்' நாளிதழும் தமது விற்பனையைப் பெருக்கும் நோக்குடனேயே ஆரம்பித்தன. விளம்பரமே இந்த விளையாட்டின் உயிர்மூச்சு. வீதியோரத்தில் நின்று பார்க்கும் மக்களிடம் நுழைவுச்சீட்டு விற்க முடியாது. ஆகவே அணிகளின் வருமானம் முழுக்க முழுக்க அனுசரணையாளர்களையே நம்பியுள்ளது. அனுசரணையாளரின் பெயரே அணியின் பெயராகின்றது. முன்னர் குளிர்சாதனப் பெட்டி தயாரிப்பாளரும் அதிர்ஷ்டலாபச்சீட்டு நிறுவனமும் வாங்கிய அந்த இடத்தைப் பின்னாளில் அரசுகளும் அரச நிறுவனங்களும் வாங்கத் தொடங்கின.

அடுத்ததாக, போட்டி நடைபெறும் இடம் மைதானம் அல்ல, பொதுமக்களின் வீதி. மலைப்பாதைகளில் பார்வையாளர்கள் வீரர்களைத் தொடும் தூரத்தில் நிற்கின்றனர். மைதானமொன்றின் வாயிலில் கொடிகளையும் பதாகைகளையும் பறிமுதல் செய்துவிடலாம். நூற்றைம்பது கிலோமீற்றர் நீளமான வீதிக்கு வாயில் கிடையாது. இந்த விளையாட்டின் அழகும் அதன் பலவீனமும் ஒரே இடத்திலேயே உள்ளன.

அதனால்தான் மட்ரிட் சம்பவம் திடீரென நிகழ்ந்த ஒன்றாக இருக்கவில்லை. ஐந்தாம் கட்டத்தின்போதே இஸ்ரேல்-பிரீமியர் டெக் அணி வீதியில் வழிமறிக்கப்பட்டது. செப்டெம்பர் 3 ஆம் திகதி பில்பாவோ நகரில் முடிவுற்ற பதினோராவது கட்டத்துக்கு வெற்றியாளரே அறிவிக்கப்படவில்லை. முடிவுக்கு 3 கிலோமீற்றருக்கு முன்பாகவே நேரம் கணிக்கப்பட்டது. பதினாறாவது கட்டமும் இடைநடுவில் சுருக்கப்பட்டது. வல்லாடோலிட் நகரில் நடைபெற்ற தனிநபர் நேரக்கணிப்புப் போட்டியின் தூரம் 27 கிலோமீற்றரிலிருந்து 12 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையில் அணியின் மேலாடையிலிருந்து 'இஸ்ரேல்' என்ற சொல் அகற்றப்பட்டது. ஆனால், வீதியோரத்தில் நின்றோர் அதனால் சமாதானமடையவில்லை.

ஸ்பெய்னுக்கும் இது முதல் அனுபவமல்ல. 1978 இல் இதே சுற்றுப்போட்டியின் இறுதி நாள், சான் செபஸ்தியான் நகரில் பாஸ்க் தேசியவாத ஆர்ப்பாட்டங்களால் குழப்பமடைந்தது. அதன் பின்னர் 33 ஆண்டுகள், அதாவது 2011 வரை, இப்போட்டி பாஸ்க் பிரதேசத்துக்குள் நுழையவே இல்லை. வீதியில் எழும் அரசியல் கேள்விக்குப் பதிலளிக்காமல் பாதையை மாற்றிக்கொள்வது என்பது பழைய வழக்கமே.

இப்பின்னணியில் சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் எடுத்த நிலைப்பாடு கவனமாக ஆராயப்பட வேண்டியது. விளையாட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று கூறிய சம்மேளனம், ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது பாராட்டுணர்வை வெளிப்படுத்திய ஸ்பானியப் பிரதமர் பெட்ரோ சான்செஸை வன்மையாகச் சாடியது. ஆனால் இதே சம்மேளனம், உக்ரெய்ன் மீதான படையெடுப்பு ஆரம்பமாகி ஒரு வாரத்துக்குள், 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில், ரஷ்ய, பெலாரஸ் அணிகளுக்குத் தடை விதித்தது. ரஷ்ய எரிவாயு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய காஸ்ப்ரொம்-ருஸ்வெலோ அணி ஒரே நாளில் தனது அந்தஸ்தை இழந்தது. ரஷ்ய வீரர்கள் ஏனைய அணிகளில் தேசிய அடையாளமின்றித் தனிநபர்களாக ஓட அனுமதிக்கப்பட்டனர்.

அந்தத் தீர்மானம் தவறென்று இங்கு வாதிட வரவில்லை. ஆனால், ஒரு போரின்போது அரசியல் தீர்மானம் எடுக்க முடிந்த அமைப்பு, இன்னொரு போரின்போது தனக்கு அரசியலே தெரியாது என்று கூறுமாயின் அதனை நடுநிலை என எவ்வாறு அழைப்பது? மட்ரிட் சம்பவம் நிகழ்ந்து இரு தினங்களில், ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் விசாரணை ஆணைக்குழு, காஸாவில் இஸ்ரேல் இனப்படுகொலை புரிந்துள்ளது என்ற முடிவை வெளியிட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்ததாகக் காஸா சுகாதார அமைச்சு அப்போது அறிவித்திருந்தது. இத்தகைய வேளையில் மௌனம் காப்பதும் ஒரு தெரிவேயாகும்.

விளையாட்டுப் புறக்கணிப்பின் அரசியல் இலங்கையருக்குப் புதியதல்ல. நிறவெறித் தென்னாபிரிக்காவை உலகம் விளையாட்டரங்கிலிருந்து ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், 1982 ஆம் ஆண்டு பந்துல வர்ணபுர தலைமையில் அங்கு சென்ற இலங்கைக் கிரிக்கெட் வீரர்களுக்கு 25 ஆண்டுகாலத் தடை விதிக்கப்பட்டது. இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடிய அதே ஆண்டு அது. விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்ற வாதம் அன்று அவ்வீரர்களைக் காப்பாற்றவில்லை. புறக்கணிப்பு மட்டுமே நிறவெறியை வீழ்த்தியது எனக் கூறுவது மிகைப்படுத்தலாகும். ஆயினும், தாம் உலகத்தால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்ற உண்மையை வெள்ளையின மக்களின் வரவேற்பறைக்கே கொண்டு சென்ற கருவிகளுள் அதுவும் ஒன்று.

எனினும், இதே அளவுகோலை நாம் விரும்பும் இடத்தில் மாத்திரம் பிரயோகிப்பது நேர்மையாகாது. உலகின் தலைசிறந்த வீரரான ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார் ஓடுவது ஐக்கிய அரபு இராச்சியத்தின் பெயரைத் தாங்கிய அணியிலாகும். சூடானில் கொலைகளும் பட்டினியும் தொடர, அங்குள்ள துணைப்படையினருக்கு அந்நாடு உதவுவதாகக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டுள்ளன. அந்நாடு அதனை மறுத்து வருகின்றது. பஹ்ரெய்னின் பெயரிலும் ஓர் அணி 2017 முதல் ஓடுகின்றது. அங்கு 2011 இல் நசுக்கப்பட்ட மக்கள் எழுச்சியை எவரும் மறந்துவிடவில்லை. மட்ரிட் சம்பவத்துக்கு அடுத்த வாரமே, ஆபிரிக்க மண்ணில் முதற்தடவையாக, உலக வீதிச் சைக்கிளோட்டச் சம்பியன்ஷிப் போட்டிகள் ருவாண்டாவின் கிகாலியில் ஆரம்பமாயின. கொங்கோவின் கிழக்கில் எம்-23 கிளர்ச்சியாளர்களுக்கு ருவாண்டா வழங்கும் ஆதரவைக் கண்டித்து, அப்போக்கு மாறாவிடின் அப்போட்டியை இரத்துச் செய்ய வேண்டுமென 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய பாராளுமன்றம் கோரியிருந்தது. போட்டி நடைபெற்றது, பொகாச்சாரே சம்பியனானார். காஸாவின் குழந்தைக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், எல் பாஷரின் குழந்தையையும் கோமாவின் குழந்தையையும் காணாதிருப்போமாயின், நாம் குறைகூறும் சம்மேளனத்திலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றோம்?

ஆர்ப்பாட்டத்தின் வழிமுறை பற்றியும் கூறியாக வேண்டும். பதினைந்தாவது கட்டத்தின்போது கொடியுடன் ஒருவர் பாதையை நோக்கி ஓடிவந்ததைத் தொடர்ந்து, மொவிஸ்டார் அணியின் ஸ்பானிய வீரரான ஹவியர் ரோமோ கீழே வீழ்ந்தார். அடுத்த கட்டத்தின்போது அவர் போட்டியிலிருந்து விலகினார். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில், இரண்டு மெல்லிய சக்கரங்களின் மீது, தலைக்கவசம் மட்டுமே பாதுகாப்பாகச் செல்லும் ஒருவருக்கு அத்தகைய வீழ்ச்சி உயிராபத்தாகவும் முடியலாம். காஸாவில் நடைபெற்ற எதற்கும் ரோமோ பொறுப்பாளி அல்லர். நியாயமான கோரிக்கையொன்று, சம்பந்தமில்லாத தொழிலாளியின் எலும்பை முறிப்பதன் மூலம் வலுப்பெறுவதில்லை.

இறுதியில் பிரச்சினையைத் தீர்த்தது எந்தச் சட்டவிதியுமல்ல, பணமே. 'இஸ்ரேல்' என்ற பெயர் நீடிப்பதைக் கனடிய நிறுவனமான பிரீமியர் டெக் விரும்பவில்லை. 2025 ஒக்டோபரில், அணி தனது இஸ்ரேலிய அடையாளத்தைக் கைவிடுமென்றும் அடம்ஸ் அன்றாடப் பொறுப்புகளிலிருந்து விலகுவாரென்றும் அறிவிக்கப்பட்டது. எனினும் நவம்பரில் பிரீமியர் டெக் முற்றாகவே வெளியேறியது. கால்பந்தாட்ட வீரர் அந்த்ரேஸ் இனியெஸ்டாவும் பங்காளராகவுள்ள என்.எஸ்.என். நிறுவனத்தின் பெயரில், சுவிட்சர்லாந்தின் பதிவுடன், ஸ்பெய்னைத் தளமாகக் கொண்ட அணியாக அது உருமாறியது. எந்த நாட்டின் வீதிகளில் அது தடுக்கப்பட்டதோ, அந்த நாட்டிலேயே அது இன்று குடியேறியுள்ளது.

ஆர்ப்பாட்டக்காரர்கள் இதனைத் தமது வெற்றியாகக் கருதலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அடிப்படைக் கேள்விக்கு இன்னும் விடையில்லை. விளம்பரச் சந்தையின் அச்சத்தால் பெயரொன்று மாறியதே தவிர, சம்மேளனத்தின் கொள்கை மாறவில்லை. நாளை வேறோர் அரசு தனது பெயரை மேலாடையில் பொறித்து வரும்போது, அதனை எந்த அடிப்படையில் அனுமதிப்பது, எந்த அடிப்படையில் மறுப்பது என்பது எழுத்தில் இல்லை.

தேவைப்படுவது, நெருக்கடி ஏற்பட்ட பின்னர் எடுக்கப்படும் தீர்மானமல்ல. முன்கூட்டியே வகுக்கப்பட்ட, எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதியாகும். அரசுகளின் பெயரை அணிகள் தாங்குவதை முற்றாகத் தடுப்பது ஒரு வழி. சர்வதேச நீதிமன்றங்களினதும் ஐ.நா. அமைப்புகளினதும் முடிவுகளை அளவுகோலாகக் கொண்டு, அரச அனுசரணையை இடைநிறுத்துவது இன்னொரு வழி. எவ்வழியாயினும், வீரரின் கடவுச்சீட்டையும் அணியின் பெயரையும் வெவ்வேறாகப் பார்க்கும் நியாயம் அதில் இருத்தல் வேண்டும். ரஷ்ய வீரர்கள் விடயத்தில் அது சாத்தியமாகியது என்பதை மறந்துவிடலாகாது.

வீதியை மக்களிடமிருந்து இரவலாகப் பெற்றே இந்த விளையாட்டு வாழ்கின்றது. இரவல் கொடுத்தவர்கள் கேட்கும் கேள்விக்கு மேசையில் பதில் கிடைக்காவிட்டால், அவர்கள் மீண்டும் வீதிக்கே வருவார்கள். அதற்கான விலையைச் செலுத்தப் போவது சம்மேளன அதிகாரிகளல்லர்; தலை குனிந்து மிதித்துக் கொண்டிருக்கும் வீரர்களே.