பெட்பேனும் நாற்காலியும்

நர்சிங் படிப்பை ஆன்லைனில் படிக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் ஆகாது என்று ஒதுக்கிவைத்த படிப்புகளில் மருத்துவம், பல்மருத்துவம் இவற்றோடு நர்சிங்கும் உண்டு. சரிதான். ஊசி போடுவதைத் திரையில் பார்த்துப் பழக முடியாது. ஆனால் நர்சுகளை மேய்க்கிற படிப்பை ஆன்லைனில் படிக்கலாம். ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் எம்.பி.ஏ., வீட்டிலிருந்தபடியே, தவணையில் பணம் கட்டி. உடம்பைத் தொடுகிறவள் நேரில் வந்து படிக்க வேண்டும். அவளைக் கணக்கெடுக்கிறவன் எதையும் தொடாமலே படிக்கலாம். விதி எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தொடுகிற வேலை கீழே, தொடாத வேலை மேலே என்கிற ஏற்பாடு நமக்குப் புதுசா என்ன?

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நர்சுகளின் செல்போனில் இந்த விளம்பரங்கள் வந்து விழுகின்றன. வார்டிலேயே எத்தனை நாள், மேலாளர் ஆகுங்கள் என்று. இதற்கு இரண்டு பக்கமிருந்து பதில் வருகிறது. முதலாளி சொல்கிறார்: நர்சிங் என்பது தொழிலல்ல, தொண்டு, தாயுள்ளம் கொண்டவர்கள் பதவிக்கு ஆசைப்படலாமா? நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள்: மேலாண்மைப் படிப்பு குட்டி முதலாளித்துவ ஆசை, சங்கம் கட்டுங்கள் போதும். இரண்டு பேருமே அவளை வார்டிலேயே நிற்கச் சொல்கிறார்கள். நின்று நின்று நரம்பு சுருண்ட கால் இவர்களுடையது இல்லையே!

தாயுள்ளத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள்? 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, தனியார் நர்சுகளின் சம்பளத்துக்கு அளவு வகுத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். 50 படுக்கைக்கும் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. அது பரிந்துரை, காகிதத்தில் இருக்கிறது. அரசாங்கமாவது யோக்கியமா? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருசத்தில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றோடு போக, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தெருவில் உட்கார்ந்தார்கள். கொரோனாக் காலத்தில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அனுப்பிவைத்தார்கள். தட்டைத் தட்டிக் கும்பிட்ட தேசம் இது.

யார் இந்தப் பெண்கள்? மலம், ரத்தம், சீழ், நஞ்சுக்கொடி எல்லாம் தீட்டு. கொங்குக் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி நாவிதர் வீட்டுப் பெண். வேலூரில் 1909இல் மிஷன் நர்சிங் பள்ளி தொடங்கிய காலத்தில் ஆதிக்கசாதி வீடுகள் தங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஏழைகளும் விதவைகளும் அதிகம். பிறகு வெளிநாட்டுச் சம்பளம் வந்தது. தீட்டு கொஞ்சம் கழிந்தது. பணத்துக்குத் தீட்டில்லை என்பது நம் நாட்டுச் சாஸ்திரம்.

இப்போது அந்த ஏணியைப் பார்ப்போம். ஏழை வீட்டுப் பெண் பெரும்பாலும் படிப்பது ஜி.என்.எம். டிப்ளமோ, மூன்று வருசம். அது பட்டம் இல்லை. எம்.பி.ஏ.வுக்குப் பட்டம் வேண்டும். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருசம்; அது நர்சிங், ஆகவே நேரில் போய்த்தான் படிக்கணும்; வேலையை விடணும். இல்லாவிட்டால் ஆன்லைனில் மூன்று வருசம் பி.பி.ஏ., அப்புறம் இரண்டு வருசம் எம்.பி.ஏ. நைட் டூட்டி முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வருசம். விளம்பரம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அந்தக் குழு சொன்ன ஆகக்குறைந்த 20,000 ரூபாயை ஒருத்தி உண்மையிலேயே வாங்கினால் வருசத்துக்கு 2,40,000. புருசன் தறியில் மாதம் ஆயிரம் ரூபாய் சம்பாதித்தால்கூட வரம்பு தாண்டிவிட்டது. பட்டினி கிடந்தால் படிக்கலாம். வேலைக்குப் போனால் சொந்தக் காசு!

சரி, கடன்பட்டுப் படித்தே விட்டாள். நாற்காலி யாருடையது? கோவையில் பஞ்சாலைப் பணம்தான் கல்லூரியாகவும் ஆஸ்பத்திரியாகவும் ஆனது. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926, ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952. இதனால் ஏழைகளுக்கும் வைத்தியம் கிடைத்தது, மறுக்கவில்லை. எந்த ஒரு ஆஸ்பத்திரியையும் குறித்துச் சொல்லவில்லை, அமைப்பைச் சொல்கிறேன். தனியார் வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கு 2009இல் கிடைத்து 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சரியென்று சொன்ன 3 சதவீதமும், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளே "நீங்க என்ன கூட்டமுங்க?" என்ற விசாரணைதான் நேர்முகத் தேர்வு. கூட்டமும் குலக்கோயிலும் சொல்ல முடியாதவள் மறுபடி வார்டுக்கே போகிறாள்.

பொள்ளாச்சிப் பக்கத்து அருந்ததியர் பெண் ஒருத்தி, பி.பி.ஏ.வும் எம்.பி.ஏ.வும் முடித்தவள், பேரு வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க்கா, நா ஊசி போட்டா வலியே தெரியலைன்னு சொல்றாங்க. நா கையெழுத்துப் போட்டா மட்டும் அவங்களுக்கு எங்கீங்க வலிக்குது?" எம்.ஏ. தமிழில் நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். டீன், கண்காணிப்பாளர், ஆர்.எம்.ஓ. எல்லோரும் டாக்டர்கள். நர்சின் ஏணி நர்சிங் சூப்பிரெண்டோடு முடிகிறது. முப்பது வருசம் வார்டு நடத்தியவளுக்கு ஆஸ்பத்திரி நடத்தத் தெரியாதாம்.

இதெல்லாம் தாண்டி நாற்காலி கிடைத்துவிட்டால்? அங்கேதான் நமக்குள் பேச வேண்டிய விசயம் இருக்கிறது. அந்த மேசையில் முதலில் வரும் கோப்பு துப்புரவுக் காண்ட்ராக்டாக இருக்கும். ஆளைக் குறை, ஷிப்டை நீட்டு, வருங்கால வைப்பு நிதி இல்லாத கம்பெனியைப் பிடி. வார்டைக் கூட்டுகிறவள் யார்? இவளுடைய சித்தி, பெரியம்மா. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இலேயே காட்டிவிட்டார். அந்த அடுக்கில் ஒரு படி மேலே நம் ஆளை உட்காரவைத்து, கீழ்ப்படியை நம் ஆளைக்கொண்டே மிதிக்கவைப்பதுதான் நிர்வாகத்தின் கெட்டிக்காரத்தனம். அதற்காக நாற்காலியே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் வேண்டாம் என்றால் அது காலியாகவா இருக்கப்போகிறது? ரோஸ்டர் போடுகிற பேனா யார் கையில் இருக்கிறதோ, அவரிடம்தான் கர்ப்பிணி நர்சு நைட் டூட்டியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே படியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் மானியக் குழு அனுமதித்த பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதியே சொல்கிறது. அனுமதியில்லாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பரில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலை எஞ்சினியரிங் பட்டங்கள் உச்சநீதிமன்றத்தில் விழுந்தபோது பார்த்தோம். நடத்தினவன் தப்பித்துக்கொள்வான்; காசு கட்டினவள் தெருவில் நிற்பாள்.

சங்கங்கள் கேட்க வேண்டியது இது: வேலை பார்க்கும் நர்சுக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, உதவித்தொகையின் வருமான வரம்பை உயர்த்துவது, நர்சுகளுக்குத் தனி இயக்குநரகம், அதன் தலைமையில் நர்சு, தனியார் ஆஸ்பத்திரி நிர்வாகப் பதவிகளில் இடஒதுக்கீடு. மேலே போகிற நர்சுகளிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. காண்ட்ராக்ட் கோப்பு மேசைக்கு வரும் அன்றைக்கு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், துடைப்பத்தோடு நிற்கிற அந்த அக்காவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள்.