குளம் மட்டும் போதாது!

ஆவடியை அடுத்த சேக்காட்டில் நல்ல மழை பெய்தால், இரவெல்லாம் தவளைச் சத்தம்தான். மழைக்கு முன் இந்தத் தவளைகள் எங்கே இருந்தன? கல்லுக்கு அடியிலும் மண்ணுக்குள்ளும் பதுங்கி இருந்தன. முட்டை இடுவதற்காகத் தண்ணீரைத் தேடி வந்து இருக்கின்றன.

தவளைக்கு ஓர் உறவுப் பிராணி உண்டு. அதன் பெயர் சாலமாண்டர். நான்கு கால், நீண்ட வால். பார்த்தால் பல்லி போல இருக்கும். ஆனால் பல்லி அல்ல! பல்லிக்குச் செதில் உண்டு. சாலமாண்டருக்கு ஈரத்தோல்தான். அந்தத் தோலாலும் அது மூச்சு விடும். தோல் காய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாட்டில் சாலமாண்டர் கிடையாது. இமயமலையில் டார்ஜிலிங் பக்கத்திலும், நேபாளத்திலும் இருக்கிறது. சீனாவில் உள்ள ஜாதிதான் இது என்று நெடுங்காலம் எண்ணி இருந்தார்கள். இது தனி ஜாதி என்று 2015-ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இரண்டு வீடு

இதன் நீளம் ஒரு சாணுக்குள் அடங்கும். நிறம் பழுப்பு. உடலின் இருபுறமும் மருக்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் விஷநீர் சுரக்கும். மெதுவாக நடக்கும் இந்தப் பிராணிக்கு அதுதான் ஆயுதம்.

குளிர்காலத்தில் காட்டில் சருகு, கல், விழுந்த மரம் இவற்றின் அடியில் உறங்கிக் கிடக்கும். மழைக்காலம் வந்ததும் குளத்துக்குப் புறப்படும். நீர்ச்செடிகளில் முட்டை இடும். குஞ்சுகள் மீனைப்போல செவுளால் மூச்சு விடும். வளர்ந்ததும் செவுள் மறையும். கரை ஏறிக் காட்டுக்குப் போய்விடும்.

ஆக, அதற்கு இரண்டு வீடு. குளத்தைத் தூர்த்தால் வம்சம் இல்லை. காட்டை வெட்டினால் தங்க இடம் இல்லை. இரண்டும் இருந்தும், நடுவே சாலை போட்டால் வண்டிச் சக்கரத்தில் சாவு! குளத்தில் வளர்ப்பு மீனை விட்டால், முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாகும்.

டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரி என்ற இடத்தில், 1985-ம் ஆண்டில் சாலமாண்டருக்காகவே சரணாலயம் அமைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் குளத்தைச் சுற்றி வேலி போட்டால் மட்டும் போதாது. அது வந்து போகும் வழியையும், சுற்றி உள்ள காட்டையும் காக்க வேண்டும்.

நமக்கும் பாடம்

இது நம் ஊருக்கும் பொருந்தும். ஏரியைத் தூர் வாருகிறோம். கரையை அழகு செய்கிறோம். நல்லதுதான். ஆனால் கரை முழுவதும் சிமெண்டு பூசிவிட்டால், தவளை எங்கே பதுங்கும்? பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் பிராணி அல்லவா அது!

கரையோரம் கொஞ்சம் புல்லும் புதரும் ஈர மண்ணும் இருக்கட்டும். செலவே இல்லாத தர்மம் இது. அடுத்த மழையிலும் சேக்காட்டில் தவளைச் சத்தம் கேட்க வேண்டும்.