ஆய்வகத்தின் முதல் அரண் மனிதர்களே

2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா காய்ச்சல் தலைகாட்டியபோது, நோய் இன்னதென்று உறுதிசெய்ய மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேவுக்கும் செல்ல வேண்டியிருந்தது. 17 உயிர்கள் பறிபோயின. நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினியும் அவர்களுள் ஒருவர். அத்துயரம் விரைவுபடுத்திய முயற்சிகளுள் ஒன்று, திருவனந்தபுரம் மாவட்டம் தோன்னக்கல்லில் 2019 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய மேம்பட்ட வைரஸ் ஆய்வு நிறுவனம். 2023இல் நிபா மீண்டும் வந்தபோது, திருவனந்தபுரத்தின் இராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம் தன் நடமாடும் ஆய்வகத்தைக் கோழிக்கோட்டுக்கே அனுப்பியது. ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் பொதுத்துறை அறிவியலின் வெற்றியாகும்.

எனினும் நோயைக் கண்டறிவது வேறு. உயிருள்ள வைரஸை வளர்த்து மருந்தும் தடுப்பூசியும் காண்பது வேறு. நிபா போன்ற வைரஸ்களுக்கு உயிரிப் பாதுகாப்பின் உச்சமான நான்காம் நிலை ஆய்வகம் தேவை. புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் 2012இல்தான் நாட்டின் முதல் நான்காம் நிலை ஆய்வகம் அமைந்தது. 2018இல் நிபாவுக்கான எதிர்ப்புப் புரத மருந்தை ஆஸ்திரேலியாவிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது. 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த சுகாதாரக் கட்டமைப்புத் திட்டம், நான்கு வட்டார வைரஸ் ஆய்வு நிறுவனங்களையும் ஒன்பது மூன்றாம் நிலை ஆய்வகங்களையும் நிறுவுவதாகக் கூறியது. கட்டடங்கள் வரட்டும். அவற்றினுள் நின்று பணியாற்றப் போகிறவர்கள் யார் என்பதே கேள்வி.

அவர்களுள் பெரும்பாலோர் முனைவர் பட்டம் முடித்த இளம் ஆராய்ச்சியாளர்கள். காற்றழுத்தக் கட்டுப்பாடும் வடிகட்டிகளும் வைரஸை அறைக்குள் நிறுத்தும். ஆனால் கையுறையைக் கழற்றும் வரிசை பிறழ்ந்தால் எந்த இயந்திரமும் காக்காது. தீங்கற்ற நுண்ணுயிர்களில் தொடங்கி, அனுபவசாலியின் கண்காணிப்பில் மாதக்கணக்கில் பழகி, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதை ஒத்திகை பார்த்த பின்னரே ஒருவர் அந்த அறைக்குள் செல்லலாம்.

இதில் குறை வைத்தால் என்ன நேரும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 2003இல் சிங்கப்பூரில் மேற்கு நைல் வைரஸை ஆராய்ந்த ஒருவருக்குச் சார்ஸ் தொற்றியது. முறையற்ற ஆய்வக நடைமுறைகளும் மாதிரிகள் கலந்ததுமே காரணம் என்றது விசாரணைக் குழு. 2004இல் பெய்ஜிங் வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் தொற்றுக்குள்ளான ஆராய்ச்சி மாணவி பிழைத்தார். மகளைப் பேணிய தாய் மாண்டார். ஆய்வகத்தின் பிழைக்கு விலை கொடுத்தவர் ஆய்வகத்தையே காணாதவர்.

இந்நிலையில் நம் நாட்டு இளம் ஆராய்ச்சியாளரின் நிலை என்ன? தொடர் கோரிக்கைகளுக்குப் பின் 2023 ஜனவரி முதல் தொடக்கநிலை ஆராய்ச்சி இணையரின் உதவித்தொகை மாதம் ரூ.47,000இலிருந்து ரூ.58,000 ஆயிற்று. ஆனால் அது ஊதியமன்று, உதவித்தொகை. பணியோ திட்டம் முடியும்வரைதான். நெடுங்காலம் செலவிட்டுப் பயிற்றுவித்தவரைத் திட்டம் முடிந்ததும் வெளியேற்றுவது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும். அதைவிடப் பேராபத்து ஒன்றுண்டு. அடுத்த நீட்டிப்புக்காக மேலாளரின் கையொப்பத்தை எதிர்நோக்கியிருப்பவர், கையுறை கிழிந்ததைத் துணிந்து சொல்வாரா? பணிப் பாதுகாப்பின்மை பாதுகாப்பு விதிகளையே அரித்துவிடும்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆபத்தான வைரஸ்களுக்கான பயிற்சி பொது நிறுவனங்களில், பொதுச் செலவில், தேசிய அளவில் ஒரே தரத்தில் நடைபெற வேண்டும். பயிற்சி பெற்றோருக்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். அவர்களுக்கும், அதே வளாகத்தில் கழிவை அகற்றும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் காப்பீடும் மருத்துவக் கண்காணிப்பும் ஒன்றாக அமைய வேண்டும். விபத்தைத் தெரிவிப்பவர் தண்டிக்கப்படலாகாது. சுதந்திரமான குழு அதனை விசாரித்து, முடிவை மக்கள் அறிய வெளியிட வேண்டும்.

இது கேரளத்தின் பிரச்சினை மட்டுமன்று. நிபாவைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால்களுக்கு வாளையாறு எல்லையன்று; தமிழ்நாட்டு வௌவால்களிலும் அதன் எதிர்ப்புப் புரதம் கண்டறியப்பட்டுள்ளது. 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிறுவனத்தின் மரபுடைய தமிழ்நாடும், தோன்னக்கல்லைக் கொண்ட கேரளமும் இப்பயிற்சியில் கைகோக்க வேண்டும். அதற்கான நிதியை வழங்குவது ஒன்றிய அரசின் கடமை. அடுத்த தொற்று வரும்வரை காத்திராமல் இக்கோரிக்கையை மக்களிடமும் ஆராய்ச்சியாளர் அமைப்புகளிடமும் கொண்டுசெல்வது நமது கடமை.